பெருந்துயர் நாளில் ஒரு தெரு

தேசம் முழுவதையும் ஒரே இரவில் துக்கத்தில் ஆழ்த்தும் சம்பவங்கள் ஒருவனுடைய ஆயுளில் மிகச் சிலவே நேருகின்றன. அவை நேர்ந்த பிறகு, மாண்டவருடைய பெருமையைப் பற்றியும் கொன்றவர்களுடைய கொடுமையைப் பற்றியும் புத்தகங்கள் வருகின்றன. விசாரணைக் கமிஷன்கள் அமைகின்றன. வருஷா வருஷம் அந்தத் தேதியில் பிரமுகர்கள் மாலை சாத்துகிறார்கள். ஆனால், அந்தச் செய்தி ஒரு சாமானியத் தெருவுக்குள் எப்படி நுழைந்தது, அங்கே குடியிருந்த எளிய ஜனங்கள் அதற்கடுத்த நாள்களை எவ்விதம் கழித்தார்கள், ஒருவரை ஒருவர் எந்தக் கண்ணோடு பார்த்துக்கொண்டார்கள் என்பதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் குடியிருந்தேன். இப்போதும் அங்கேயே இருக்கிறேன். அந்தத் துக்கம் எங்களுக்கு மே மாதத்தோடு முடிந்துவிடவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வேறு வேறு ரூபங்களில் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்போது கண்டு கற்றவற்றில் பிற்காலத்தவர்க்குப் பிரயோஜனப்படக்கூடியவை சில உண்டு என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

ஜீவனஹள்ளி, பெங்களூர்க் கிழக்கு ரயில் நிலையத்துக்கும் காக்ஸ் டவுனுக்கும் பக்கத்தில், ரயில் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே விழிக்கிற ஒரு நெருக்கமான பேட்டை. 1809-இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக் கண்டோன்மெண்ட்டை அமைத்த காலந்தொட்டு, சென்னை ராஜதானிப் படையோடு வந்த சிப்பாய்களும் சமையற்காரர்களும் கொத்தனார்களும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் இந்தப் பக்கமெல்லாம் குடியேறி, அல்சூர், பிரேசர் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம் என்று பரவி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்களே அதிகம். எனினும் எதிர்ச்சாரியில் கன்னடப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அடுத்து உருது பேசும் இறைச்சிக் கடைக்காரர். முனை வீட்டில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ-இந்தியர். பின்சந்தில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த கூலிக் குடும்பங்கள். சாதாரண நாளில் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

அப்போது நான் தூரவாணி நகரில் இருந்த இந்தியன் டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தேன். முதல் ஷிப்டுக்குப் போகிறவன் விடியுமுன் எழுந்தாக வேண்டும். 22-ஆம் தேதி விடியற்காலையில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருவில் இறங்கியபோது, அந்தக் கன்னட ஆசிரியர் (அவரைத் தெரு முழுதும் "மேஷ்ட்ரு" என்றே அழைக்கும்) கையில் டிரான்சிஸ்டரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "போகாதீங்க ஸார், பஸ் ஒண்ணும் வராது, ராஜீவ் காந்தியைக் கொன்னுட்டாங்க, உங்க மெட்ராஸ் பக்கத்துல" என்றார். கொலைக்கு முந்திய தினந்தான் பொதுத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு முடிந்திருந்தது; வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகப் பிரசாரம் செய்ய ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவர், இரவு பத்தேகால் மணியைக் கடந்த சமயத்தில், மாலை போட வந்தவள் உடலில் கட்டியிருந்த வெடிகுண்டுக்குப் பலியானார் என்ற விவரமெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அந்த விடியற்காலையில் எங்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயங்கள்: நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் தேசத்துக்கு இல்லாமற் போனார், அது தமிழ் மண்ணில் நடந்தது.

சற்று நேரத்தில் தெருவில் கூடிய பெரியவர்கள் எல்லார் முகத்திலும், துக்கத்தோடு கூடவே இன்னொன்றையும் கண்டேன். யார் செய்தார்கள் என்ற கேள்வியை உரக்கக் கேட்கவே அவர்கள் பயந்தார்கள். ஏழு வருஷங்களுக்கு முன், 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி தம் மெய்க்காப்பாளர் இருவரால் சுடப்பட்டதை அடுத்து, அவ்விருவரும் சீக்கியர் என்ற ஒரே காரணத்துக்காக, அரசாங்கக் கணக்கின்படியே டில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் குருத்வாரா எங்களுக்குத் தூரமில்லை. 1984-இல் அங்கே வந்துபோன சர்தார்ஜிகள் எப்படி முகம் வாடி நடந்தார்கள் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த ஸ்தானத்தில் இப்போது நாம் நிற்கிறோமோ என்பதே எங்கள் பெரியவர்களின் சொல்லாத கவலை.

இதையொத்ததாக என் தகப்பனார் சொல்லக் கேட்ட ஒரு பழைய விஷயம் அன்று முழுதும் என் ஞாபகத்தில் இருந்தது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை காந்தியடிகள் சுடப்பட்டவுடன், சுட்டவன் ஒரு முஸ்லிம் என்ற வதந்தி டில்லியில் கிளம்பிவிட்டது. அது ஊர் ஊராகப் போயிருந்தால், பிரிவினையின் ரத்தம் காயாத அந்த நாளில் எத்தனை லட்சம் உயிர்கள் மாண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அகில இந்திய வானொலி மரணச் செய்தியை அறிவித்தபோது, கொலையாளி ஒரு ஹிந்து என்பதையும் சேர்த்தே அறிவித்தது. அந்த ஒரு வாக்கியத்தால் தடுக்கப்பட்ட அனர்த்தத்துக்குக் கணக்கே கிடையாது. ஆயினும் கொன்றவன் இன்ன ஜாதியான் என்று தெரிந்தபின் பம்பாய் மாகாணத்தில் அந்த ஜாதியாரின் வீடுகளைக் கொளுத்தினவர்களும் இருந்தார்கள். ஆகவே உண்மையைச் சீக்கிரம் சொல்வது பாதி ரக்ஷைதான். ஒருவன் செய்த பாதகத்தை அவனுடைய இனத்தார் தலையில் ஏற்றாத மனம் வேண்டும் என்பது மற்றப் பாதி. இந்த இரண்டில் முதலாவதை அரசாங்கம் செய்யலாம். இரண்டாவதை வானொலி செய்ய முடியாது, தெருவிலுள்ளவர்களே செய்ய வேண்டும்.

22-ஆம் தேதி பகல் முழுதும் கடைகள் அடைத்துக் கிடந்தன. வானொலியில் சோக இசை ஒலித்தது. அதற்கிடையே எத்தனை வதந்திகள்! மெட்ராஸ் பற்றி எரிகிறது என்றார் ஒருவர். பிருந்தாவன் எக்ஸ்பிரஸைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றார் மற்றொருவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த லாரிகளை மறித்து ஆட்களை இழுத்துப்போட்டு அடிக்கிறார்கள் என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான் ஒரு பையன். அப்போது மேஷ்ட்ரு கையாண்ட முறையை நான் வாழ்நாள் முழுதும் பின்பற்றி வருகிறேன். செய்தி கொண்டுவந்தவரை அவர் மறுக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை, பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்க பார்த்தீங்களா, பார்த்தவர் சொன்னாரா? எந்த இடம்? எத்தனை மணிக்கு?" என்று நிதானமாகக் கேட்பார். பெரும்பாலும் முதற் கேள்வியிலேயே செய்தி சுருங்கிப்போகும். பிறகு, அடுத்த வானொலிச் செய்தி எத்தனை மணிக்கு என்று சொல்லி, அதுவரையில் இதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்வார். பதற்றத்தில் இருப்பவனிடம் "பொய்" என்று சொன்னால் அவன் ரோஷப்பட்டு ஊரெல்லாம் சொல்வான். "எங்கே கண்டாய்" என்று கேட்டால் அவனே யோசிக்கத் தொடங்குவான். இது மனித சுபாவம் அறிந்தவருடைய உபாயம்.

அன்று மாலை செய்த இன்னொரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். எங்கள் தெருமுனையில் தமிழ் இளைஞர்கள் ராஜீவ் காந்தியின் படம் ஒன்றை வைத்து விளக்கேற்ற விரும்பினார்கள். பெரியவர் ஒருவர், "இதை நாம மட்டும் செய்யக் கூடாது, எல்லாரையும் கூப்பிடுங்கப்பா" என்று சொல்லி, அவரே வீடு வீடாகப் போனார். மேஷ்ட்ரு மாலை சாத்தினார். ரயில்வேக்காரர் தம் பாஷையில் பிரார்த்தனை ஒன்றைச் சொன்னார். இறைச்சிக் கடைக்காரர் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். பேச்சென்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று சேர்ந்து நின்ற அந்த அரைமணி நேரம், பின்னால் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் எங்களுக்குக் கொடுத்த பலத்தை எந்தப் போலீஸ் பந்தோபஸ்தும் கொடுத்திருக்க முடியாது. பொதுத் துக்கத்தைத் தனித்தனிக் கூட்டமாக அனுஷ்டிக்கலாகாது என்பது நான் கற்றவற்றில் முக்கியமான ஒன்று; துக்கத்தில் அழைக்கப்படாதவன் சந்தேகத்தில் முதலில் நினைக்கப்படுவான்.

பின்சந்துக் கூலிக் குடும்பங்களின் நிலை வேறு. அன்றாடம் வாங்கிச் சமைப்பவர்களுக்குக் கடையடைப்பு என்பது பட்டினி. தேசத்தின் துக்கத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் துக்கம் கோபமாக மாற அதிக நேரம் ஆவதில்லை. எங்கள் தெருவில் மளிகைக்காரர் பின்கதவைத் திறந்து, பற்று எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தார். பால் முதலில் குழந்தையுள்ள வீடுகளுக்கு என்று பெண்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஊரடங்கோ கடையடைப்போ வந்தால் முதல் மணி நேரத்திலேயே செய்யவேண்டிய வேலை இது: யார் வீட்டில் ஒருவேளைக்கு மேல் அரிசி இல்லை, யார் அன்றாடம் மருந்து சாப்பிடுகிறவர், யார் நிறைமாதக் கர்ப்பிணி என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது. அவசரத்துக்கு வேண்டிய மருந்தையும் சிறிது பணத்தையும் வீட்டில் வைத்திருப்பது நமக்காக மட்டுமல்ல. இல்லாதவருக்கும் அதிலிருந்து கொடுக்க நேரும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறைக் காலமாதலால், ஜோலார்பேட்டையிலிருந்து என் தங்கையின் குழந்தைகள் வந்திருந்தார்கள். குண்டுவெடிப்பில் தாமும் மாண்ட ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் காமிராவிலிருந்து கிடைத்த படங்கள் சில நாள்களில் பத்திரிகைகளில் வெளியாகி, கையில் மாலையோடு நின்ற பெண்ணின் உருவத்தை ஊரெல்லாம் பார்த்துவிட்டது. அவற்றை அப்பிள்ளைகள் கண்ணுக்குப் படாமல் வைக்க முயன்றும் முடியவில்லை. சிறியவள் ஒருநாள் சாப்பிடும்போது, "மாமா, கொன்னவங்க தமிழ்க்காரங்களாமே, நம்மளையும் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள். "தப்புப் பண்ணினவங்களைத்தான் புடிப்பாங்க கண்ணு. நாம பண்ணலையே" என்றேன். அவள் கேட்டது அத்தனைதான். நான் அதற்குமேல் சொல்லவும் இல்லை. குழந்தை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்கு உண்மையாகப் பதில் சொல்வதும், படங்களையும் பெரியவர்களின் ஊகங்களையும் அதன் முன்னிலையில் பரப்பாமல் இருப்பதும் போதும். அன்று மாலை மேஷ்ட்ருவின் மனைவி அவளைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சித்ரான்னம் கொடுத்தார்கள். என் பதிலைவிட அந்த அம்மாள் கொடுத்த ஒரு பிடிச் சோறுதான் அவள் பயத்தைப் போக்கியது.

ஆகஸ்டில் வந்தது வேறு வகைச் சோதனை. டி. ஆர். கார்த்திகேயன் தலைமையில் துப்புத் துலக்கி வந்த விசேஷப் புலனாய்வுக் குழுவினர், தேடப்பட்டவர்களில் தலையாயவனான சிவராசனும் சுபாவும் பெங்களூரிலேயே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, நகரின் தெற்குக் கோடியில் இருந்த கோணனகுண்டே என்ற இடத்தில் ஒரு வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி விடியற்காலையில் கமாண்டோக்கள் உள்ளே புகுந்தபோது அவ்விருவர் உட்பட அங்கிருந்த எழுவரும் பிணமாகக் கிடந்தார்கள். அது ராஜீவ் காந்தியின் பிறந்த நாள். இதன்பின் நகரம் முழுவதிலும் வாடகைக்குக் குடியிருந்த தமிழர்களைப் பற்றிய விசாரணை பலமாயிற்று. தமிழில் பேசும் நாலு வாலிபர்கள் ஓர் அறையில் இருந்தாலே பார்வை மாறியது. இலங்கைத் தமிழர்களின் நிலையோ இன்னும் பரிதாபம். யுத்தத்துக்குத் தப்பி வந்து, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் பிழைத்திருந்தவர்களுக்கு வீடு கொடுக்கவும் ஆட்கள் அஞ்சினார்கள். கொலைக்குச் சதி செய்தவர்களிடம் எனக்கு அன்றும் இன்றும் சிறிதும் இரக்கமில்லை. ஆனால் அவர்கள் பேசிய பாஷையைப் பேசியதற்காக நிரபராதிகள் தலைகுனிந்து நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் தங்கள் கடமையையே செய்தார்கள். அவர்களிடம் நடந்துகொள்ளும் முறையை எங்கள் தெரு அப்போது கற்றுக்கொண்டது. ஒப்பந்தப் பத்திரம், ரேஷன் கார்டு, தொழிற்சாலை அடையாள அட்டை முதலியவற்றை ஒரே பையில் கைக்கெட்டும்படி வைத்திருப்பது; கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவில், கூட்டாமல் குறைக்காமல் பதில் சொல்வது; கன்னடம் சரளமாக வராதவர் வீட்டுக்கு, வருபவர் ஒருவர் உடன் போய் நிற்பது. இந்தக் கடைசிக் காரியம் மிக முக்கியமானது. தனியாக நிற்கும் புது மனிதனைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் எழுவது சகஜம்; "இவர் நம்ம பையன், ரெண்டு வருஷமா பார்க்கிறேன்" என்று சொல்ல ஒரு கன்னடப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். இதற்கு நாமும் அந்த ஊர்ப் பாஷையைப் பேசத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரில் இருந்தும் கன்னடத்தில் நாலு வாக்கியம் பேசவராது என்று சொல்லும் தமிழரைக் கண்டால் எனக்கு வருத்தமே உண்டாகிறது. தாய்மொழிப் பற்றுக்கும் அதற்கும் யாதொரு விரோதமும் இல்லை.

டிசம்பரில் வந்ததைத் தேசத் துயரம் என்று யாரும் சொல்வதில்லை. எங்களுக்கோ அதுவும் மே மாதத்தின் தொடர்ச்சியாகவே பட்டது. ஜூன் 25-இல் காவேரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடவேண்டுமென்று இடைக்கால உத்தரவிட்டது. கர்நாடக அரசு அதை எதிர்த்துச் சட்டம் செய்தது. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் நவம்பரில் அபிப்பிராயம் தெரிவித்தது. உத்தரவு கெஜட்டில் வெளியானதும் டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு ஓசூர், தர்மபுரி, சேலம் என்று ஓடினார்கள். எங்கள் தெருவில் அந்த இரவுகளில் மேஷ்ட்ருவும் இறைச்சிக் கடைக்காரரும் ரயில்வேக்காரரும் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தமிழர்கள் யாரும் முன்னால் வரவேண்டாம் என்று அவர்களே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வந்து எட்டிப் பார்த்த ஒரு கூட்டம், கன்னடத்தில் மேஷ்ட்ரு பேசியதைக் கேட்டுத் திரும்பிப் போயிற்று. நகரத்தில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், புதிதாக வந்து ஒதுக்குப்புறத்தில் குடிசை போட்டிருந்த ஏழைக் கூலிகளே. அவர்களுக்காக நாற்காலி போட்டு உட்கார ஆள் இருக்கவில்லை. இந்த மனஸ்தாபத்தால், அல்சூர் ஏரிக்கரையில் அவ்வருஷம் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு வருஷம் துணியால் மூடப்பட்டே நின்று, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அல்சூர்த் திறப்பு விழாவுக்கு நானும் மேஷ்ட்ருவும் சேர்ந்தே போனோம்.

இப்போது வதந்தி ஓடி வருவதில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவி, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூட்டையும் கையுமாகக் கவுஹாத்தி ரயிலுக்கு ஓடினார்கள். ஒரே சமயத்தில் ஐந்து குறுஞ்செய்திகளுக்குமேல் அனுப்பக்கூடாதென்று அரசாங்கமே தடை போட நேர்ந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் மாடியறையில் இருந்த பிள்ளைகளிடம் போய், "எங்கே கண்டீர்கள், யார் சொன்னது" என்று அந்தப் பழைய கேள்விகளையே கேட்டு, இரவு எங்கள் வீட்டிலேயே படுக்கச் சொன்னோம், அவர்கள் போகவில்லை. 2016 செப்டம்பர் 12-இல் காவேரியின் பெயரால் மறுபடியும் பஸ்கள் எரிந்தபோது, அடிபடும் காட்சிகளே கைப்பேசி வழியாக ஊர் ஊராகச் சென்று மேலும் அடிதடியை மூட்டின. படம் உண்மையாகவே இருந்தாலும், அதை இன்னொருவருக்கு அனுப்புவதால் அடிபட்டவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதை அந்த நாளில் பலர் யோசிக்கவில்லை.

மேஷ்ட்ரு இப்போது இல்லை. அவர் வீட்டில் வேறு மாநிலத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. இரும்புக் கதவுகளும் காமிராக்களுமாகத் தெருவே மாறிவிட்டது. எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாமலே வருஷங்கள் கழிகின்றன. இதைப் படிக்கும் தாங்கள், பெங்களூரிலோ சென்னையிலோ எங்கே குடியிருந்தாலும், தங்கள் தெருவில் வேற்று பாஷை பேசிக்கொண்டு புதிதாக வந்திருப்பவரை இந்த வாரத்திலேயே ஒருமுறை போய்ப் பார்த்து, பெயரைக் கேட்டு, தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, என்ன உதவி வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.